வலிக்கிறது என்று சொல்வதை அவன் ஏன் நிறுத்தினான்?

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து 44 வயதுத் தாய் ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரிந்துவிடாதபடி சிலவற்றை மாற்றியும் சுருக்கியும் தருகிறேன்.

இவருக்குப் பிறந்த வீடு நீலகிரி மலையில் கூடலூர் பக்கம். கடல் தொழில் படுத்துக் கிடந்த காலத்தில் எஸ்டேட் வேலைக்கு வந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு, 24 வருடங்களாக இந்தக் கரையில் இருக்கிறார். கணவருக்கு ஒரு நாட்டுப்படகில் பங்கு. மூத்தவள் மகள், வயது 22. இளையவன் மகன், வயது 20. கைக்குழந்தையாக இருந்தபோதே மகனுக்குக் கையும் காலும் பொம்மென்று வீங்கும், கண் மஞ்சளாக இருக்கும். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தும் பார்த்தார்கள். ஏழு வயதில்தான் மதுரையில் ரத்தத்தைப் பரிசோதித்து 'சிக்கிள் செல்' என்று சொன்னார்கள், ரத்த அணு அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோய். அன்றிலிருந்து வலி வந்தால் ஆஸ்பத்திரி, குளுக்கோஸ், நாலு நாளில் வீடு என்று போய்க்கொண்டிருக்கிறது.

பாலிடெக்னிக் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டது. வருகைப்பதிவு போதவில்லை, அரியரும் சேர்ந்துவிட்டது. சும்மா இருக்கக் கூடாது என்று ஒரு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். 12 நாள் போனான். 13-ஆம் நாள் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தத் தடவை ஆஸ்பத்திரியில் ஒருவர் அவன் காதில் விழும்படியே, "ஊசி போட்டுக்கிறதுக்குன்னே வர்றான், எல்லாம் நடிப்பு" என்று சொல்லியிருக்கிறார்.

"அதுக்கப்புறம் அஞ்சு மாசமா ஆஸ்பத்திரிப் பக்கமே போகலை. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்றதில்லை. அந்த மட்டுக்கும் ஆண்டவன் கண்ணைத் திறந்துட்டான்" என்று எழுதுகிறார் தாய். அடுத்த பத்தியிலேயே இதுவும் இருக்கிறது: பகலெல்லாம் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். ராத்திரி தூங்குவதில்லை, நாலு தடவையாவது எழுந்து வெளியே போகிறான். இரண்டு முறை நடுராத்திரியில் நெஞ்சை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்திருக்கிறான். பாயைச் சுருட்டும்போது அடியில் வலி மாத்திரையின் காலி அட்டைகள் கிடந்தன. யாரையும் தொடவிடாத கிரிக்கெட் மட்டையைச் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிட்டான். அக்காவிடம், "நான் இல்லேன்னா உங்களுக்கெல்லாம் செலவு மிச்சந்தானே" என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம்.

கேள்விகள்: இது ரத்தக் கோளாறா, மனக் கோளாறா? மனநோய் தீர என்று பலர் போய்த் தங்கும் ஏர்வாடி தர்காவில் 40 நாள் தங்க வைக்கலாம் என்கிறார் மாமியார், போகலாமா? மகளுக்குப் பேசி வைத்திருந்த அத்தை மகன் வீட்டில், "மலையிலிருந்து வந்த சீக்கு" என்று பின்வாங்குகிறார்கள், என்ன செய்வது? ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்கினால் அரசு வேலை கிடைக்குமா? கடைசி வரி: "என் வயித்துல பொறந்ததுதான் அவன் செஞ்ச பாவமா டாக்டர்?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடத்தில் எனக்கு நெஞ்சு நின்றது. அந்தக் கிரிக்கெட் மட்டை. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், முதலில் அதைப் பேசிவிடுவோம்.

உயிர்போல வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது, 'நான் இல்லையென்றால்' என்று பேச்சுவாக்கில் சொல்வது, ஆளே ஒடுங்கிப்போவது. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என் தொழிலில் இருப்பவர்கள் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட மாட்டோம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்தக் கட்டத்தில் பிடித்தால் ஆளைக் கரைசேர்த்துவிடலாம் என்பதால் சொல்கிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

அவனிடம் நேராகக் கேளுங்கள். "செத்துப் போயிரலாம்னு தோணுதாப்பா?" இதே வார்த்தையில் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பெரும்பாலான பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்த மாதிரிதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆமாம் என்று சொன்னால் அழுது புரளாதீர்கள், "எங்களை நினைச்சுப் பார்த்தியா" என்று கேட்காதீர்கள். தான் ஒரு பாரம் என்றுதானே அவன் ஏற்கனவே நம்புகிறான், அந்தக் கேள்வி அதன்மேல் இன்னொரு கல்லை வைக்கும். "சொன்னியே, அது போதும். சேர்ந்து பார்ப்போம்" என்றால் போதும்.

அவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். யாராவது ஒருவர் அதே அறையில் பாய் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், மாமியாரின் பிரஷர் மாத்திரை உட்பட, டிரங்குப் பெட்டியில் பூட்டுங்கள். அவனுக்கு உரியதை அன்றன்றைக்கு எண்ணிக் கொடுங்கள். 14416 என்பது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அவன் பேசாவிட்டாலும் நீங்கள் பேசலாம். எப்படிச் செய்யப்போகிறான் என்பது வரை யோசித்து வைத்திருக்கிறான் என்று தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. எண்ணம் இருக்கிறது என்று சொல்வதற்கு எந்த வழக்கும் கிடையாது.

அமைதியை நம்பாதீர்கள்

அஞ்சு மாதமாக வலி இல்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். அப்படியானால் பாய்க்கு அடியில் அந்தக் காலி அட்டைகள் எப்படி வந்தன?

வலி நிற்கவில்லை சகோதரி, அதைச் சொல்வதுதான் நின்றிருக்கிறது. 2008-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சிக்கிள் செல் உள்ள 232 பெரியவர்களிடம் தினமும் வலியைக் குறிக்கச் சொல்லி ஓர் ஆய்வு நடந்தது. குறித்த நாட்களில் 54.5 சதவீத நாட்களில் வலி இருந்திருக்கிறது. ஆனால் மருத்துவ உதவி தேடிப் போனது 3.5 சதவீத நாட்களில்தான். மிச்ச நாட்களின் வலியையெல்லாம் வீட்டிலேயே பல்லைக் கடித்துப் பொறுத்திருக்கிறார்கள். டாக்டர்களாகிய நாங்கள் அந்த 3.5 சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு நோய் அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அதே குழுவில் நாலில் ஒருவருக்கும் மேல் மனச்சோர்வு நோயும் இருந்தது.

உங்கள் மகன் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னான், அதற்கு 'நடிப்பு' என்று பதில் வந்தது. இனிமேல் சொல்லிப் பயனில்லை என்று முடிவுகட்டிவிட்டான். அந்த வார்த்தையைச் சொன்னவர் மறந்திருப்பார். ரத்த அணு அரிவாள்போல வளைந்து விறைத்துக்கொண்டு, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்து, எலும்புக்குப் போகும் ரத்தத்தை மறிக்கும்போது வரும் வலி அது. ஸ்கேனில் தெரியாது, காய்ச்சல்மானியில் காட்டாது. நோயாளி சொல்வதுதான் அதற்கு இருக்கும் ஒரே அளவுகோல். அந்தச் சொல்லையே நம்பாவிட்டால் அவனிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

வீட்டிலும் கொஞ்சம் நடந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். "எப்பப் பார்த்தாலும் வலி வலின்னா மனுசன் என்ன செய்வான்" என்று அவன் அப்பா ஒரு நாள் கத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். மீன்பாடு இல்லாத நாட்களில் கையில் காசில்லாமல், அடுத்த தடவை மதுரைக்கு எதைக் கொண்டு போவது என்று தவித்த மனிதர் அவர். தவிப்பில் வந்த சத்தம் என்று எனக்குப் புரிகிறது. பையனுக்கும் அது புரிந்திருக்கும், அதனால்தான் அவனுக்கு இன்னும் கனமாக இருக்கும். ஒரு நாள் அவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிச்சா சொல்லுடா, நான் நம்புறேன்" என்று சொன்னால் அதற்கு ஈடாக நான் எழுதித் தரக்கூடிய மாத்திரை இல்லை.

ரத்தமா, மனசா?

இரண்டும்தான். வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மனம் சோரும், மனம் சோர்ந்தவன் சாப்பிடமாட்டான், தண்ணீர் குடிக்கமாட்டான், மாத்திரையை மறப்பான், அப்புறம் வலி இன்னும் கூடும். எங்கே தொடங்கியது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும்.

ராத்திரியில் நாலு தடவை எழுந்து போவதைக் கவலையால் என்று நினைத்திருக்கிறீர்கள். அதில் சிறுநீரகத்துக்கும் பங்கு இருக்கலாம். இந்த நோயில் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கும் திறனை இழந்துவிடும். அதனால்தான் இவர்கள் மற்றவர்களைவிட அதிகம் குடிக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் அணுக்கள் வளைவது கூடும். இதை எழுதும்போதே, நீங்கள் நாலாம் பக்கத்தில் எழுதியது ஞாபகம் வருகிறது: சொம்பில் மோந்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் குடத்திலேயே ஊற்றிவிடுகிறானாம். "குடம் காசு கொடுத்து வாங்குறோம்ல" என்றானாம். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு வண்டி தள்ளிக்கொண்டு போகும் ஊரில் வளர்ந்த பிள்ளை, வீட்டுக்குத் தன்னால் ஆகும் சிக்கனம் இதுதான் என்று நினைக்கிறான். தனக்குச் செலவாகும் தண்ணீரைக்கூடக் கணக்குப் பார்க்கிறவனின் மனம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அவனுக்கென்று தனியாக ஒரு குடம் வையுங்கள். அது மருந்து, அவன் காலி செய்தே ஆக வேண்டும்.

நெஞ்சடைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பதற்றத்திலும் மூச்சு முட்டும். ஆனால் சிக்கிள் செல்லில் நுரையீரலைத் தாக்கும் ஆபத்தான நிலை ஒன்று உண்டு, அதுவும் இதே மாதிரிதான் ஆரம்பிக்கும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சல், இருமல் என்று எது வந்தாலும் 'பயத்துல வருது' என்று நீங்களும் சொல்லாதீர்கள், யாரையும் சொல்லவிடாதீர்கள். ஆக்சிஜன் அளவும் எக்ஸ்ரேயும் பார்த்த பிறகு, எல்லாம் சரி என்றால்தான் மனசுக்கு வர வேண்டும். பேச்சுக் குழறினாலோ ஒரு பக்கம் மரத்துப்போனாலோ 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.

அரியர் விழுந்ததற்குச் சோம்பேறித்தனம் என்று மட்டும் காரணம் சொல்ல வேண்டாம். மூளையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் வெளியே தெரியாமல் அடைபட்டு, கவனமும் ஞாபகமும் குறைவது இந்த நோயில் நடக்கிறது. அவன் ரத்தநோய் மருத்துவரிடம் இதை ஒரு கேள்வியாகக் கேளுங்கள்.

மாத்திரைகள்

ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையைப் போன வருடமே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேன்சர் மாத்திரை, ஆண்மை போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். சில ரத்தப் புற்றுநோய்களுக்கு அதைக் கொடுப்பது உண்மை. ஆனால் சிக்கிள் செல்லில் வலித் தாக்குதல்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று 1995-லேயே தெரிந்துவிட்டது. குழந்தைப் பருவத்து ஹீமோகுளோபினை மறுபடி உருவாகச் செய்து, அணு வளையாமல் பார்த்துக்கொள்கிறது. பலன் தெரியச் சில மாதம் ஆகும், இடையிடையே ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். விந்தணு எண்ணிக்கை குறையலாம் என்பதும் நிஜம், பெரும்பாலும் நிறுத்தினால் மீளும். 20 வயதுப் பையனிடம் இதைப் பற்றி யாராவது ஒரு டாக்டர் கதவைச் சாத்திவிட்டு மனம்விட்டுப் பேசியிருந்தால், நிறுத்தாமலே இருந்திருப்பான். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். டாக்டர் சொல்லித் தொடங்குங்கள்.

இன்னொரு விஷயத்தை உங்களால் அவனிடம் கேட்க முடியாது, அவனும் உங்களிடம் சொல்லமாட்டான். இந்த நோய் உள்ள ஆண்களுக்கு, ஆசைக்குத் தொடர்பில்லாமல் ஆண்குறி விறைத்து வலியோடு நீண்ட நேரம் நின்றுவிடுவது உண்டு. வெட்கத்தில் மறைத்து வைத்துக்கொண்டு, தனக்கு மட்டும் ஏதோ அசிங்கமான வியாதி என்று மருகும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். நாலு மணி நேரத்தைத் தாண்டினால் அது அவசரம், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். அவன் மாமாவோ சித்தப்பாவோ இதை அவன் காதில் போட்டுவைக்கட்டும்.

மனநல மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு நோயையும் சேர்த்தே சொல்லுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகளோடு டிரமடால் என்ற வலி மாத்திரை சேர்ந்தால் வலிப்பு வரை போகலாம். தூக்கத்துக்குக் கொடுக்கும் டிராசோடோன் மேலே சொன்ன விறைப்பைத் தூண்டக்கூடியது. அதனால் அந்தக் காலி அட்டைகளைத் தூக்கி எறியாமல் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்றவை ஏற்கனவே நொந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

'அடிமையாகிவிட்டானோ' என்று கேட்டிருக்கிறீர்கள். வலிக்கு மருந்து தேடுவது வேறு, போதைக்குத் தேடுவது வேறு. அவன் திருட்டுத்தனமாக வாங்கியதற்குக் காரணம், முறையாகக் கேட்ட இடத்தில் அவமானப்பட்டது. மனச்சோர்வு மாத்திரைகளும் போதை மாத்திரைகள் அல்ல. வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரமாவது பிடிக்கும். நான்காம் நாளே பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். கூடவே பேச்சு வழிச் சிகிச்சையும் வேண்டும். வலி வரப்போகிறதே என்ற பயம் வலியையே பெருக்குகிறது, அந்தப் பயத்தைக் கையாளக் கற்றுக்கொடுக்க முடியும்.

இரும்புச்சத்து டானிக்கையும் கையோடு நிறுத்துங்கள். ரத்தசோகை என்ற பெயரைக் கேட்டாலே இரும்பு கொடுக்கத் தோன்றும். இவனுக்கு ரத்தம் குறைவது அணு சீக்கிரம் உடைவதால். பரிசோதித்து இரும்பு குறைவு என்று தெரிந்தால் ஒழிய அது வேண்டாம். ஃபோலிக் அமிலம் டாக்டர் சொன்னபடி தொடரட்டும்.

ஏர்வாடி

நம் பக்கத்தில் அந்த ஊரின் பெயரையே ஒரு வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம். "உன்னை ஏர்வாடியிலதான் கொண்டு விடணும்" என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிக்கொள்கின்றன. மகனை அங்கே கொண்டு போனால் அவன் காதில் அதுதான் விழும்.

தர்காவுக்குப் போய் வேண்டிக்கொள்வதை நான் தடுக்கவில்லை. சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் போகிற இடம். உங்கள் மாமியாருக்கு அது ஆறுதல் என்றால் ஒரு வியாழக்கிழமை குடும்பத்தோடு போய்விட்டு, ராத்திரிக்குள் வீடு திரும்புங்கள். 40 நாள் விட்டுவிட்டு வருவது மட்டும் கூடாது. திறந்த வெளியில் கடல்காற்றில் படுப்பதும், தண்ணீருக்கு அலைவதும், மாத்திரை தவறுவதும் இந்த உடம்புக்கு ஆகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்ததை உங்கள் மாமியார் மறந்திருக்கமாட்டார். இன்றைக்கு மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தர்காவில் துவாவோடு மருந்தும் கொடுக்க அரசு ஏற்பாடு செய்ததும் அதற்குப் பிறகுதான். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். அங்கே போனால் பைத்தியம் என்று பட்டம் கட்டுவார்களே என்றால், ரத்த டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று தெருவில் சொல்லிக்கொள்ளுங்கள். பொய்யும் இல்லையே.

யார் கொண்டுவந்த சீக்கு?

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் ரிப்போர்ட்டை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதில் 'எஸ்-பீட்டா தலசீமியா' என்று இருக்கிறது, அதாவது சிக்கிள் மரபணுவும் தலசீமியா என்ற வேறொரு பரம்பரை ரத்தநோயின் மரபணுவும் சேர்ந்தது. டாக்டர் சுருக்கமாகச் 'சிக்கிள் செல்' என்று சொல்லியிருக்கிறார், சிகிச்சை பெரும்பாலும் ஒன்றே என்பதால். ஆனால் உங்களுக்கு அந்தப் பெயரில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது.

இந்த நோய் வர இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மரபணு வந்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஆள் நோய் இல்லாமலே இருப்பார், வெறும் கடத்துபவர். சிக்கிள் மரபணு உங்கள் வழியாக வந்திருக்கலாம். இந்தியாவில் அதை முதலில் கண்டறிந்ததே 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். ஆனால் பீட்டா தலசீமியா மரபணு? அது உங்கள் கணவர் வழியாக வந்தது என்பதற்கே வாய்ப்பு அதிகம். தலசா என்றால் கிரேக்க மொழியில் கடல். மத்தியதரைக் கடலோரத்து மக்களிடம் பார்த்ததால் அந்தப் பெயரை வைத்தார்கள். மலையிலிருந்து ஒன்று, கடலிலிருந்து ஒன்று என்று உங்கள் வீட்டுக்கு அது எப்படிப் பொருந்திவிட்டது பாருங்கள். இரண்டுமே மலேரியா இருந்த நிலங்களில் தங்கிய மரபணுக்கள். ஒற்றையாக இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து உயிரைக் காக்கும். உங்கள் முன்னோர் எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கும். பாவம் என்ற சொல்லுக்கு இதில் இடமே இல்லை.

இதை எடுத்துக்கொண்டு போய் மாமியாரிடம் பழிக்குப் பழி வாங்காதீர்கள். அந்தக் கரையில் சண்டை கட்டினால் திரும்ப அடிபடுவது பின்னறையில் படுத்திருப்பவன்தான்.

மகள் விஷயம் இதோடு சேர்ந்தது. நோய் இல்லாத அவளுக்குக் கடத்தும் மரபணு இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. இருந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. கட்டிக்கொள்பவருக்கும் அப்படி ஒன்று இருந்தால்தான் குழந்தைக்கு ஆபத்து. அத்தை மகன் என்கிறீர்கள், அதாவது உங்கள் கணவரின் கூடப்பிறந்தவளின் பிள்ளை. அதே தலசீமியா மரபணு அந்த வீட்டிலும் இருக்கலாம். அவர்கள் பயப்பட வேண்டிய இடம் நீலகிரி மட்டும் இல்லை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஹெச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனையை இருவரும் கல்யாணத்துக்கு முன்பே செய்துகொள்ளட்டும். மறைத்து முடிக்கும் கல்யாணத்துக்கு நான் ஆதரவில்லை. ஒரு பரிசோதனையைக் கேட்டதும் பின்வாங்குகிற சம்பந்தம் போனால் போகட்டும், அது என் அபிப்பிராயம்.

சான்றிதழ், படிப்பு, வேலை

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியாவும் சிக்கிள் செல்லும் அதில் உண்டு. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிட்டால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் ஐந்து வருட வயதுத் தளர்வுக்கும் உரிமை வரும். ஆனால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டைச் சொல்லும் பிரிவில் ரத்த நோய்கள் சேர்க்கப்படவில்லை. 'கார்டு வாங்கினால் வேலை நிச்சயம்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

பாலிடெக்னிக்குக்குத் திரும்பலாமா என்று அவனைத்தான் கேட்க வேண்டும். நோயால் விடுபட்ட வருகைக்கு மருத்துவச் சான்றோடு எழுத்தில் விண்ணப்பித்தால், நியாயமான வசதி செய்து தரும் கடமை கல்வி நிறுவனத்துக்கு உண்டு. இந்த மாதமே வேண்டாம், முதலில் தூங்கட்டும், சாப்பிடட்டும்.

ஐஸ் கம்பெனி வேலைக்கு இனி என்றைக்கும் போகக் கூடாது. குளிர்பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும், வலி கிளம்பும். அந்த 12 நாளும் அவன் வீட்டுக்கு ஒத்தாசையாக இருக்க நினைத்துத் தன் உடம்பையே பணயம் வைத்திருக்கிறான். அதற்காக வீட்டிலேயே பொத்தி வைப்பதும் சரியில்லை. ஐயாவோடு உட்கார்ந்து வலைக் கிழிசல் பொத்துவான், கை வேகம் என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திரும்ப ஆரம்பிக்கலாம். கொட்டகை நிழல், பக்கத்தில் தண்ணீர்க் குடம், வலித்தால் ஊசியை வைத்துவிட்டுச் சாய்ந்துகொள்ளலாம். முதல் நாள் பத்து நிமிஷம் போதும். கூலி கொடுக்கச் சொல்லுங்கள், பத்து ரூபாயாக இருந்தாலும் சரி. செலவு வைக்கிறவன் என்று தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் கணக்கில் வரவு என்று ஒரு வரி விழட்டும்.

அடுத்த முறை ரத்த டாக்டரிடம் போகும்போது ஒரு தாள் எழுதி வாங்குங்கள்: நோயின் பெயர், அவனுக்கு வழக்கமாக இருக்கும் ஹீமோகுளோபின் அளவு, வலிக்கு எந்த மருந்து எந்த அளவில் கேட்கும், எதைக் கொடுக்கக் கூடாது, டாக்டரின் கையெழுத்து, முத்திரை. லேமினேட் செய்து அவன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். நடுராத்திரியில் புதிதாகப் பணிக்கு வந்த ஒருவர் முன்னால் நின்று தன் வலியை நிரூபிக்கும் வேலை அவனுக்கு மிச்சமாகும்.

உங்கள் கணவரையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போய் வந்து, சாப்பிட்டுவிட்டே வரலாம். மகனையும் அதே வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், அப்பா கையில் ஊசி குத்துவதை ஒரு தடவை அவனும் பார்க்கட்டும்.